செவத்தா நடந்த சாயங்காலம்

கொம்மட்டிவிளைக்கு மேற்கே கண் போகிற தூரம் மட்டும் செம்மணல் தேரி. ஆனி மாசத்து அந்தி ஒன்றில் வெயிலுகந்தாள் ஆடுகளைப் பத்திக்கொண்டு புல்லாங்குழல் ஊதியபடி அந்தத் தேரியிலிருந்து வீட்டுக்குத் திரும்ப, கோயிலடியில் அவள் தம்பி பலவேசம் அம்மன் கொடைத் திருவிழாவுக்காக உறுமி மேளத்தை உரசிப் பழகிக்கொண்டிருக்க, குழலும் உறுமியும் வழியில் சந்தித்து ஒன்றான நேரத்தில், பனைகளைவிட உயரமாய்க் கிடந்த மணல்மேடு ஒன்று, படுத்திருந்த பசு எழுந்திருக்கிற மாதிரி முதலில் பின்பக்கத்தையும் பிறகு முன்பக்கத்தையும் தூக்கி எழுந்து, ஆடுகளுக்குப் பின்னாலேயே நடந்து வந்து, மேலத்தெரு முனையில் உட்கார்ந்துகொண்டது.

வெயிலுகந்தாள் குழலை வாயிலிருந்து எடுத்தாள். "ஆத்தாடி, எம்புட்டுத் தூரம் நடந்திருக்க" என்று அதனிடம் சொல்லிவிட்டு, ஆடுகள் நேரத்துக்குத் தண்ணீர் குடிக்க வேண்டுமே என்று வீட்டைப் பார்த்துப் போனாள்.

மேலத்தெருக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். "வந்தது வந்துட்டு, பஸ்ஸு திரும்புத இடத்தை விட்டுத் தள்ளி உக்காரச் சொல்லுங்க" என்றார் டீக்கடைக்காரர். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் இது காற்றின் வேலை என்று விளக்கினார். மறுநாள் அந்தியில் அவர் கண்முன்னாலேயே மேடு குழல் கேட்டு எழுந்து பஸ் திரும்புகிற இடத்தை விட்டு நாலு எட்டுத் தள்ளி உட்கார்ந்தபோது, இதுவும் காற்றுதான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சன்னல்களைச் சாத்திக்கொண்டார். கிராம நிர்வாக அதிகாரிக்குத்தான் தூக்கம் போயிற்று. மேடு கிடந்தது சர்க்கார் புறம்போக்கு, தெரு கிடப்பது ஊர் நத்தம், புறம்போக்கு நடந்து வந்து நத்தத்தில் உட்கார்ந்தால் தெரு சர்க்காருடையதா மேடு ஊருடையதா என்று அவர் தாலுகா ஆபீசில் போய்க் கேட்க, அங்கே இருந்த பெரியவர், "அது எந்திரிச்சுப் போற மட்டும் சும்மா இருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு மாசத்துக்குள் அது ஊரில் ஒருத்தியாகிவிட்டது. செவத்தா என்று பெயர் விழுந்தது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் குடம் தண்ணீர் ஊற்ற, ஊற்றிய சுவடு தெரியாமல் அவள் குடித்தாள். புதுப்பெண் ஒருத்தி சுளகு அகலத்துக்குக் குங்குமப் பொட்டு வைத்தாள். பிள்ளைகள் உச்சியிலிருந்து சறுக்கிச் சறுக்கி அத்தனை கால்சட்டையும் சிவந்துபோக, ஊரின் கொடிகளில் காய்ந்த துணியெல்லாம் ஒரே நிறமாயிற்று. தோசைமாவில் மணல், தலையணையில் மணல், கைக்குழந்தையின் கொட்டாவியில் மணல் என்று பெண்கள் திட்டினார்கள். திட்டும்போதும் அவளே இவளே என்றுதான் திட்டினார்களே தவிர ஒருத்தியும் அது என்று சொல்லவில்லை. கல்யாண வீட்டில் மேளம் வைத்தால் பந்திக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாளோ என்று பயந்து மேளத்தைத் துணி போர்த்தி அடித்தார்கள். யாராவது செத்தால் கொட்டே கிடையாது; பிணத்தோடு சுடுகாடு வரைக்கும் போய்விட்டால் யார் கூட்டி வருவது.

அவளைக் கூட்டிப்போகிற முறையும் மெல்ல மெல்லப் பிடிபட்டது. குழல்தான் அவளை எழுப்பும், இழுக்கும். உறுமிதான் அவளைத் திருப்பும். இடந்தலையை உரசினால் இடப்பக்கம், வலந்தலையை அடித்தால் வலப்பக்கம். குழல் ஊதுகிறவர் அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடக்க வேண்டும். முதல் நாள் தானாய்ப் பின்னால் வந்ததோடு சரி, பிறகு முதுகைக் காட்டினால் கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிடுவாள். ஊரில் வேறு சிலரும் ஊதிப் பார்த்தார்கள். செவத்தா அசையவில்லை. ஆகவே வெயிலுகந்தாள் பின்னால் நடக்க, அவளுக்குப் பின்னே பாதையைப் பார்த்துக்கொண்டு பலவேசம் உறுமியோடு நடக்க, அவன் அடியைக் கேட்டு அவளும் மேடும் ஒன்றாய்த் திரும்புவார்கள். அவளுக்கு முதுகில் கண் வேண்டியிருக்கவில்லை. அம்மா பிரசவத்தோடு போய்விட, தொப்புள்கொடி காயாத அந்தத் தம்பியை ஆட்டுப்பால் புகட்டி வளர்த்தவள் அவள். அவன் கையின் ஒவ்வோர் அடியும் அவளுக்குப் பேச்சு மாதிரி விளங்கும்.

அவளுக்கென்று ஊரின் தெற்கு ஓரத்தில் ஒரு வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் முருங்கை இருந்தன. கிணற்றை அவளும் அவள் புருஷன் பூவலிங்கமும் கூலியாள் வைக்காமல் வெட்டினார்கள். மணல் சரியச் சரியப் பனைநாரில் தட்டி முடைந்து நிறுத்தி வெட்டினார்கள். தண்ணீர் கண்ட வருஷமே அவன் காய்ச்சலில் போய்விட்டான். அந்தத் தண்ணீர் அத்தனை ருசி. அவள் பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை. விதவை என்று அவளை யாரும் நல்ல காரியத்துக்கு அழைத்ததில்லை, அவளும் போனதில்லை. செவத்தா வந்த பிறகுதான் தெருவில் போகிறவர்கள் நின்று, "என்ன உகந்தா, சாப்ட்டியா" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆடி பிறந்தது. தேரிக்காற்று மேற்கிலிருந்து வீசினால் கல்லும் பறக்கும். தெரு முனையில் உட்கார்ந்திருந்த செவத்தாவின் மேனி கொட்டிக் கொட்டி மேலத்தெருக் கதவுகள் திறக்க முடியாமல் போயின, கோயில் பலிபீடம் மூடிப்போயிற்று. ஊர்த்தலைவர் தங்கத்திரவியம் கூட்டம் போட்டார். வெயிலுகந்தாளையும் அழைத்து, பெண்களுக்கு முன்வரிசையில் உட்காரவைத்தார்.

"செவத்தா நம்ம பிள்ளைதான். இருந்தாலும் தெருவுக்குள்ள இருக்க முடியாது. வடக்க கருவேலங்காடு சும்மாதான கிடக்கு, அங்க கொண்டுபோய் வச்சிருவோம். ஊரே சேர்ந்து பாடிக் கொட்டிக் கூட்டிட்டுப் போவோம். தாயி, நீ முன்ன நின்னாத்தான் இது நடக்கும்" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றாள் வெயிலுகந்தாள்.

ஆடி முடியப்போகிற நாளில், வெயில் தணிந்து மணல் காலைச் சுடாமல் ஆனதும் ஊரே மேலத்தெரு முனையை ஒட்டிய தேரியில் கூடியது. உறுமி வைத்திருந்தவர்கள் உறுமியோடு, தப்பு வைத்திருந்தவர்கள் தப்போடு, பம்பை வைத்திருந்தவர்கள் பம்பையோடு, ஒன்றும் இல்லாதவர்கள் அண்டாவும் தகரமுமாக வந்தார்கள். பெண்கள் பித்தளைக் குடங்களை இடுப்பில் வைத்து மோதிர விரலால் தட்டினார்கள். சிறுமிகள் பப்பாளித் தண்டில் துளை போட்ட குழல்களை வைத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரும் கரண்டியுமாக நின்றார். இன்னும் காற்று என்றே சொல்லிக்கொண்டிருந்த தலைமையாசிரியர் பள்ளிக்கூடத்து மணியைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். மத்தியானமே பலவேசத்தின் பெண்சாதி மல்லிகாபுஷ்பம் வந்து, "மதினி, ஆடுகளை நான் பத்திட்டுப் போய்த் தண்ணி காட்டுதேன், நீங்க களைச்சுப் போவாம இருங்க" என்று ஆடுகளைக் கூட்டிப்போயிருந்தாள். ஊர்ச் செலவில் அரக்குநிறச் சேலை எடுத்திருந்தார்கள். வெயிலுகந்தாள் அதைக் கட்டிக்கொண்டு வந்து நிற்க, தாலி அறுத்த நாளிலிருந்து பூப்படாத அவள் கழுத்தில் தங்கத்திரவியத்தின் மனைவியே மல்லிகை மாலை போட்டாள். போட்டவள் ஏனோ அவள் கண்ணைப் பார்க்கவில்லை. கூச்சம் என்று வெயிலுகந்தாள் நினைத்துக்கொண்டாள்.

அவள் ஊதினாள். செவத்தா எழுந்தாள். உறுமி உறுமியது, தப்பு பேசியது, குடங்கள் கலகலத்தன, நூறு பப்பாளிக் குழல்கள் ஒரே சுரத்தைத் தப்பும் தவறுமாய்ப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தன. எல்லாவற்றுக்கும் நடுவில் அவள் குழல் ஒற்றையடிப்பாதை மாதிரி ஓட, அந்தப் பாதையில் ஊர் முழுவதும் நடந்தது. மேற்கில் சூரியன் தேரியின் நிறத்துக்கு இறங்க, தேரி சூரியனின் நிறத்துக்கு ஏற, நடுவில் செவத்தா நெருப்புக் கூடாரம் மாதிரி அசைந்து அசைந்து வந்தாள். வெயிலுகந்தாளுக்குத் திசை தெரியவில்லை. தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. பலவேசத்தின் உறுமி இடம் என்றால் இடம், வலம் என்றால் வலம். இத்தனை வருஷமும் ஆடுகளுக்கும் பொட்டல் வெளிக்கும் ஊதிய மூச்சு ஒரு ஊருக்கே போதுமானதாக இருக்கிறதே என்று அவள் கண்ணில் நீர் வந்தது. பிறந்ததிலிருந்து இவ்வளவு சந்தோஷமாய் அவள் இருந்ததில்லை. இதை அவளே பிற்காலத்தில் சொன்னாள். சொல்லும்போது அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

முருங்கைப்பூ வாசம் வந்தது. கருவேலங்காட்டில் ஏது முருங்கை என்று நினைத்தாள். அடுத்த எட்டில் குதிகாலில் கல் தட்டியது. அது அவள் துணி துவைக்கிற கல். காலுக்கு அந்தக் கல் தெரியும்.

மூச்சு நின்றது. குழல் நின்றது. குழல் நின்றால் செவத்தா நின்ற இடத்தில் உட்காருவாள். தூக்கிய காலை முன்னால்தான் வைப்பாள். பலவேசம் அக்காளின் தோளைப் பிடித்து ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டான். கிணறும், முருங்கைகளும், கல்லும், ஓட்டுக்கூரையும் ஒன்றன்பின் ஒன்றாய் மணலுக்குள் போவதை அவள் பார்த்தாள். சத்தமே இல்லை.

அவள் ஊரைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தரும் ஐயோ என்று சொல்லவில்லை. கொட்டியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

தங்கத்திரவியம் முன்னால் வந்தார். "தாயி, கருவேலங்காட்டைச் சூரியத்தகடு போடுத கம்பெனிக்காரன் கேட்டுட்டான். வீட்டுக்கு ஒரு ஆளுக்கு வேலைங்கான். செவத்தாவை வைக்க வேற தோதான இடம் இல்ல. உன் சாமான் ஒண்ணுகூட கெடல. எல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கோம். புதுசா ஒரு வீடு கட்டித் தருவோம், ஊர் சொல் இது."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா அண்ணாச்சி."

"கேட்டா நீ ஊதியிருப்பியா தாயி?"

அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். கோயில் மண்டபத்தில் அவள் பெட்டி, அவள் பானைகள், அவள் அம்மிக்குழவி எல்லாம் வரிசையாய் இருந்தன. பூவலிங்கத்தின் போட்டோவைக் கண்ணாடி உடையாமல் இருக்கத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்கள். அவள் சேலை கட்டிக்கொண்டு பூ வைத்துக்கொண்டு தேரியில் நின்ற நேரத்தில் யார் யாரோ அவள் வீட்டுக்குள் போய், ஒவ்வொன்றாய், அவ்வளவு கவனமாய், அவ்வளவு பிரியமாய் எடுத்து வைத்திருந்தார்கள். பப்பாளிக் குழல் ஊதிய சிறுமிகளுக்கும் தெரிந்திருந்தது. அந்தத் துண்டு மல்லிகாபுஷ்பத்தின் வீட்டுத் துண்டு.

"மதினி, நம்ம வீட்டுக்கு வாங்க" என்றாள் மல்லிகாபுஷ்பம். பலவேசம் உறுமியைக் கழற்றாமல் தூரத்தில் நின்றான். வெயிலுகந்தாள் மாலையைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு மண்டபத்திலேயே படுத்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் ஊர் அவளை உபசரித்தது மாதிரி எந்த ஊரும் யாரையும் உபசரித்திருக்காது. வேளைக்கு ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. மீன் வாங்கிய வீடு முதல் துண்டத்தை அவளுக்கு வைத்தது. கொண்டுவந்தவர்கள் தூணைப் பார்த்துப் பேசினார்கள், பாத்திரத்தைப் பார்த்துப் பேசினார்கள். புது வீட்டுக்கு இடம் பார்ப்பதாகச் சொன்னார்கள். இந்த இடத்தில் நிழல் இல்லை, அந்த இடத்தில் வழி இல்லை என்று அவளுக்காக அவர்களே குறைசொல்லித் தள்ளிப்போட்டார்கள். வடக்கே முள் வெட்டுகிற சத்தம் கேட்டது. கம்பெனி வாசலில் பலவேசம் காக்கிச்சட்டை போட்டுக்கொண்டு காவலுக்கு நிற்பதாக யாரோ சொன்னார்கள்.

மாரிக்கு முந்திய ஒரு பிற்பகலில் அவள் எழுந்து, ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு, தெற்கே போனாள். செவத்தாவின் எதிரில் நின்று ஊதினாள். உறுமி இல்லை, ஒன்றும் இல்லை. மேடு எழுந்தது. பின்னால் பின்னால் நடக்க அவள் காலெடுத்தாள். எடுத்த கால் போகமாட்டேன் என்றது. யாரையும் நம்பிப் பின்னால் நடக்க இனி அந்தக் கால்களுக்கு மனசில்லை. ஆகவே அவள் திரும்பி, செவத்தாவுக்கு முதுகைக் காட்டி, தான் போகிற வழியைத் தன் கண்ணால் பார்த்தபடி ஊதிக்கொண்டு நடந்தாள். செவத்தா சரியவில்லை. கோபிக்கவில்லை. பின்னாலேயே வந்தாள்.

அவள் நேராக மேலத்தெருவுக்குப் போனாள்.

தெரு அலறியது. சட்டி பானையைத் தூக்கினார்கள், தொட்டிலோடு பிள்ளையைத் தூக்கினார்கள், டீக்கடைக்காரர் கொதிக்கிற பாலைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று சுற்றினார். தங்கத்திரவியம் வாசலில் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். பலவேசம் காக்கிச்சட்டையோடு ஓடிவந்து தன் வீட்டு வாசலில் மல்லிகாபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். செவத்தாவின் நிழல் கோயிலைத் தாண்டித் தெருவின் மறுமுனை வரைக்கும் விழுந்தது. இன்னும் பத்து எட்டு. அவள் ஊதிக்கொண்டே தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாய்ப் பார்த்தாள்.

பிறகு குழலை எடுக்காமலே தோளுக்கு மேல் திரும்பிச் செவத்தாவைப் பார்த்தாள். குழலை ஒரு கணம் உதட்டிலிருந்து விலக்கி, "இந்தச் சனங்களை வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு நீ எப்படித் தாயி இருப்ப" என்றாள். மேடு சரிவதற்குள் மறுபடி ஊதிக்கொண்டு, தெருவை விட்டுத் திரும்பி, கடல் இருக்கிற திசையைப் பார்த்து நடந்தாள். ஆடுகள் முன்னால், அவள் நடுவில், செவத்தா பின்னால்.

தெற்கே அவள் வீடு ஓடு கலையாமல் வெளியே வந்திருந்தது. "எக்கா, வீடு அப்படியே இருக்குக்கா, நில்லுக்கா" என்று பலவேசம் கத்தியது கேட்டது. முருங்கைகூடப் பச்சையாய் இருந்ததாம். அவள் பார்க்கவில்லை.

கடலோரத்தில் ஆளில்லாத ஒரு பொட்டலில் அவள் குடிசை போட்டாள். மாரியில் பெய்ததெல்லாம் செவத்தா குடித்தாள். மறு கோடையில் அவள் காலடியில் கையால் தோண்டிய இடத்தில் இளநீர் மாதிரித் தண்ணீர் ஊறியது. வலைகாரர்கள் வந்து மொண்டு போனார்கள். அவர்கள்தான் சேதியும் சொன்னார்கள். கொம்மட்டிவிளையில் ஒவ்வொரு கிணறாய் உவர்ந்துகொண்டு வருகிறதாம். இத்தனை காலமும் மழையை மடியில் வாங்கி ஊருக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள் யார் என்று இப்போதுதான் தெரிந்ததாம். லாரியில் வருகிற தண்ணீருக்குத் தெருவே வரிசையில் நிற்கிறதாம். வெயிலுகந்தாள் கேட்டுக்கொண்டாள்.

பிறகு ஒரு சாயங்காலம் பலவேசம் வந்தான். தோளில் உறுமி தொங்கியது. முன்தலை நரைத்திருந்தது.

"எக்கா."

"வா. தண்ணி குடி."

அவள் செம்பில் ஊற்ற, அவன் கையேந்திக் குடித்தான். ருசி தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். போதும் என்று கை காட்டிவிட்டு மணலில் உட்கார்ந்தான்.

"ஊரே உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லுதுக்கா. உன் வீட்டை வெள்ளையடிச்சு வச்சிருக்கோம். செவத்தா எங்க உக்காரணும்னு நீயே சொல்லு. யாரும் மறிச்சுப் பேசமாட்டாவ."

அவள் ஆட்டுக்குட்டி ஒன்றின் காதிலிருந்து உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். அதை நசுக்கிப் போட்டுவிட்டுப் பேசினாள்.

"ஊர் செஞ்சது எனக்குப் புரியுதுலே. ஊருன்னா அப்படித்தான். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. உன் கை எனக்குத் தெரியும். காய்ச்சலோட அடிச்சா தெரியும், மல்லிகாகூடச் சண்டை போட்டுட்டு வந்து அடிச்சா தெரியும். அன்னிக்கு ஒரு அடி, ஒரே ஒரு அடி நீ பிசகியிருந்தா நான் நின்னிருப்பேன். ஏம்லே பிசகல?"

பலவேசம் மணலைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு இன்னும் நேரம் இருந்தது. அக்காளிடம் இனி அது வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ.

"பிசகினா உனக்குத் தெரிஞ்சிரும்னு தெரியும்க்கா" என்றான். "அதான் அதுக்கு முந்தி, பனங்காட்டுக்குள்ள போய்ப் போய்ப் பழகினேன்."

வெயிலுகந்தாள் குட்டியை இறக்கிவிட்டாள். எழுந்து குடிசைக்குள் போய்க் குழலை எடுத்து வந்தாள். ஒரு கணம் அவன் முகம் மலர்ந்தது. உறுமியை முன்னால் இழுத்து, குச்சியை எடுத்து, அவள் எடுக்கப்போகிற சுரத்துக்காகக் காத்திருந்தான். அவள் அவனைப் பார்க்காமல் கடலைப் பார்த்து நடந்து போய் நின்று, ஊதினாள். செவத்தா எழுந்தாள். மெதுவாக, யாருக்கும் வலிக்காமல், அவன் கால்விரல்களுக்கு ஒரு சாண் முன்னால் வந்து, அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் உட்கார்ந்தாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் உறுமியடி கேட்கிறதா என்று அவள் ஊதிக்கொண்டே கவனித்தாள். கேட்கவில்லை. ஆடுகள் ஒவ்வொன்றாய் வந்து அவளைச் சுற்றிப் படுத்தன. கடல் இருட்டத் தொடங்கியது. அவள் குழலைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு உலை வைக்கப் போனாள்.